குத்துவிளக்கில் பற்றவைத்த ராக்கெட்

உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். ராக்கெட் கிளப்பில் என்னோடு இருந்த நீங்கள் ஏழு பேர் படிப்பதற்காக மட்டும் எழுதுகிறேன். போனில் படம் எடுக்காதீர்கள். படித்த பிறகு நோட்டுக்குள் வைத்து அடுத்தவள் கையில் கொடுங்கள். கடைசியாகப் படிப்பவள் கிழித்துப் போட்டுவிடட்டும். என் அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறார். எனக்கு இன்னும் செய்முறைத் தேர்வு முடியவில்லை. நான் ஏன் பயப்படுகிறேன் என்று புரிய இந்த இரண்டும் போதும். வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை இரண்டாவது பீரியடில் செய்தி வந்தது. கரும்பலகைக்கு மேலே இருக்கும் ஒலிபெருக்கியில் தலைமையாசிரியை பேசினார். "நம் பள்ளியின் லேப் அட்டெண்டர் எஸ்தர் மேரி இன்று அதிகாலை மருத்துவமனையில் காலமானார். அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்கவும்." நின்றோம். நான் மனதுக்குள் எண்ணினேன். இருபத்திரண்டு வரும்போது, "உட்காரலாம். வரும் சனிக்கிழமை பன்னிரண்டாம் வகுப்புக்கு முழு நாள் வகுப்பு உண்டு" என்றார். அக்காவின் பெயர் எஸ்தர் ராணி. மூன்று வருடம் லேப் சாவிக்கும் டீக்கும் குடிதண்ணீருக்கும் இவர்கள் எல்லாரும் கூப்பிட்ட பெயர். செத்த அன்றாவது சரியாகச் சொல்லியிருக்கலாம்.

நாளைக் காலை இரங்கல் கூட்டம். மாணவிகள் சார்பில் நினைவஞ்சலி வாசிக்கப் போவது நான். நான் எழுதிக் கொடுத்ததைத் தாளாளர் அறையில் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். "எச்சரிக்கைகளைப் பொருட்படுத்தாமல், தன் அளவுகடந்த ஆர்வத்தால் தானாகவே அருகில் சென்று" என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்கள். அக்கா தன் சாவுக்குத் தானே காரணம் என்று அக்காவின் படத்துக்கு முன்னால் நின்று என் வாயால் நான் சொல்ல வேண்டும். அந்தத் தாள் இப்போது என் முழங்காலுக்கு அடியில் இருக்கிறது. அக்காவைப் பற்றிய நிஜமான நினைவஞ்சலியை முதலில் இங்கே எழுதிவிடுகிறேன்.

அக்கா நம் பள்ளிக்கு வருவதற்கு முன்னால் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் உள்ள தொழிற்பேட்டையில் வேலை பார்த்தார். காருக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைச் சோதிக்கும் வேலை. ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். இங்கே லேப் அட்டெண்டராகச் சேர்ந்தார். கிளப்புக்குப் பொறுப்பாளர் என்று பலகையில் இருந்தது பிசிக்ஸ் சார் பெயர். சார் வெயிலில் வரமாட்டார். முதல் ராக்கெட் விடும் நாளில் நாம் எல்லாரும் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நின்றோம். அக்கா ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தார், ராக்கெட்டைத் தூரத்திலிருந்து பற்றவைக்க அவரே செய்த சுவிட்ச். அதற்குள் ஒரு காலிங்பெல் பொத்தான், ஒரு பழைய மொபெட்டின் சாவித் துளை, ரிவர்ஸ் எடுக்கும்போது ஆட்டோவில் கத்துமே, அந்தச் சின்ன ஊதல். "சாவி போட்டாத்தான் பட்டனுக்கு உசுரு. பட்டன்லேந்து கை எடுத்தா கரண்டு நின்னுடும். கை எடுத்தா நிக்கணும், அதான் மிஷினு. நிக்கலன்னா அது மிஷினு இல்ல, பேஜாரு" என்றார். சாவியைச் சிலுவையோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். ராக்கெட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது சாவி எப்போதும் அவர் கழுத்தில்தான் இருக்கும்.

ராக்கெட்டைப் பற்றவைக்க அடியில் செருகும் ரெடிமேட் இக்னைட்டர் கூரியரில் வரும். பாதி வராது, வந்ததில் பாதி எரியாது. ஒரு நாள் அக்கா சலித்துப்போய், பழைய காலத்தில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தார். அவர்கள் வெறும் சூடேறும் கம்பியை வைத்து, தூரத்திலிருந்து மின்சாரம் விட்டிருக்கிறார்கள். அக்கா அதையே எடுத்துக்கொண்டார். கம்பியைச் சுற்றும்போது நாக்கைக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொள்வார். "தாத்தா காலத்துக் கம்பி. கூரியருக்காரன் வூட்டு வாசல்ல நிக்கத் தேவையில்ல" என்பார். பழைய முறைக்கு அக்கா எதிரி என்று நாளை யாராவது மேடையில் சொல்லக்கூடும். பழைய முறையை நம் பள்ளிக்குக் கொண்டுவந்ததே அக்காதான். எதைக் கொண்டுவர வேண்டும், எதைக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மதுராந்தகம் போகும் வழியில், தண்ணீர் வற்றிய ஏரிக்குள் ராக்கெட் விடப் போன நாள் உங்களுக்கு நினைவிருக்கும். பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. நான் எழுந்து, "அணைஞ்சிடுச்சுக்கா" என்றேன்.

"நீ உள்ள பூந்து பாத்தியா?"

"இல்லக்கா, புகையே இல்ல."

"புகை இல்லன்னா அணைஞ்சிடுச்சுன்னு அர்த்தமா? தெரியலன்னு சொல்லு. தெரியலன்னு சொல்ல வெக்கமா கீதா?"

சாவியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நம் எல்லாரையும் கருவேல மர நிழலில் உட்கார வைத்தார். எவ்வளவு நேரம்! நம்மில் ஒருத்தி பசிக்கிறது என்று முனகினாள். "பசிக்கட்டும். செத்துட்டா பசிக்காது. அதுக்கு இது தேவல, குந்து" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் நமக்கு அதே விளையாட்டு. டெஸ்டில் எவ்வளவு என்று யார் கேட்டாலும் "தெரியல" என்போம். அக்கா லேப் கதவில் சாய்ந்து, "அடியேய், அது ராக்கெட்டுக்குச் சொன்னதுடி" என்று சிரிப்பார்.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் தாளாளர் போனை நீட்டிக்கொண்டு லேபுக்குள் வந்தார். நான் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கக் காத்திருந்தேன். "எஸ்தர், இதப் பாரு. வெளிநாட்டுல ராக்கெட் ஹாபி பண்றவங்கள்லாம் பழைய மெத்தடுக்குத் திரும்பிட்டாங்க. பட்டன் கிடையாது, பேட்டரி கிடையாது. திரி வெச்சு, தீக்குச்சி கிழிச்சு விடுறாங்க. எவ்வளவு அழகா இருக்கு!"

அக்கா அந்த வீடியோவை முழுதும் பார்த்தார். "சார், அந்த ராக்கெட்டு வெரலு சைஸு கீது. கொளுத்திட்டு அந்தாளு எப்டி ஓட்றான் பாருங்க. நம்மளுது என் இடுப்பு ஒசரம்."

"அதனாலதான் போட்டோல நல்லா விழும்."

திட்டம் அவர் தலையில் தயாராக இருந்தது. மாமல்லபுரம் கடற்கரையில் விழா. சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றுவார். அதே மெழுகுவர்த்தியால் ராக்கெட்டின் திரியையும் ஏற்றுவார். பேனரில் போட வாசகம்கூட எழுதிவிட்டார்: மரபுச் சுடரில் விண்வெளிப் பயணம்.

"பழசுதான் வேணும்னா கம்பியும் பழசுதான் சார். அத்த வெச்சே நல்லா விட்டுகினு கீறோம்."

"கம்பி போட்டோல தெரியாது எஸ்தர்."

"திரின்னா நிறுத்த முடியாது சார். கொளுத்தினப்பறம் நம்ம சொல்றத அது கேக்காது."

"நீ என்ன படிச்சிருக்க?"

"டிப்ளமோ சார். எலக்ட்ரானிக்ஸ்."

"பிசிக்ஸ் சார் எம்.எஸ்சி. அவரே ஒண்ணும் சொல்லல." கதவுவரை போய்விட்டுத் திரும்பினார். "டீ வெச்சிட்டியா?"

அக்கா டீ வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரையைப் போட்டு நெடுநேரம் கலக்கிக்கொண்டே இருந்தார்.

மறுநாளிலிருந்து மூன்று நாள், மதிய இடைவேளையில் லேபுக்குப் பின்னால் அக்கா திரிகளைச் சோதித்தார். ஒரே அளவில் பத்துத் துண்டு. ஒவ்வொன்றும் எரிந்து முடிய எத்தனை விநாடி என்று சுவரில் சாக்பீஸால் எழுதினார். இரண்டு எண்கள்கூட ஒன்றாக இல்லை. ஏழாவது துண்டு பாதியில் இருண்டுபோனது. நாம் எல்லாரும் செத்துவிட்டது என்று நினைத்து எட்டாவதைக் கேட்டோம். அக்கா கையை உயர்த்தினார். ஏழாவது திடீரென்று சீறிக்கொண்டு மிச்சத்தையும் எரித்து முடித்தது. பிசிக்ஸ் சாரைக் கூட்டிவந்து காட்டினார். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரைப் படித்தார். "நல்லா பண்ணியிருக்க. ஆனா இத அவர்கிட்ட யாரு சொல்றது?" என்றார். கை கழுவும் இடத்துக்குப் போனார், திரும்பி வரவில்லை. சிறப்பு விருந்தினர் ஒருவேளை பள்ளிக்கும் வரலாம் என்று அந்த வாரமே சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள். பத்து எண்களும் போயின.

அதற்குப் பிறகும் அக்கா விடவில்லை. நிகழ்ச்சி நிரலில் வாசிக்க மூன்று விதிகள் எழுதிக் கொடுத்தார். எல்லாரும் கயிற்றுக்கு அந்தப் பக்கம். திரி அணைந்ததுபோல் தெரிந்தால் அரை மணி நேரம் யாரும் அசையக் கூடாது. பிறகு அக்கா மட்டும் தண்ணீர் வாளியோடு போவார். தொகுத்து வழங்கும் மிஸ் அதைப் படித்துவிட்டு, "நல்ல காரியத்துல பத்தலன்னா என்ன பண்றதுன்னா எழுதுவாங்க? அபசகுனமா இருக்கு" என்று தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கடற்கரையில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனால் நீங்கள் கயிற்றுக்குப் பின்னால் நின்றீர்கள். நான் விளக்குத் தட்டை ஏந்திக்கொண்டு முன்னால் நின்றேன். அதனால் எனக்குக் கொஞ்சம் அதிகம் தெரியும்.

சவுக்குத் தோப்பைத் தாண்டி, மணலில் ராக்கெட்டை நிறுத்தியிருந்தார்கள். அதன் மூக்கில் சந்தனம், குங்குமம். நான்கு சிறகுகளுக்கும் அடியில் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். அக்கா வந்து பார்த்தார். "இது இன்னா லாரியா? புதுசா ரோட்டுக்கு வுடுறீங்களா?" என்று எலுமிச்சம்பழங்களைக் காலால் தள்ளிவிட்டார். சந்தனத்தைத் துணியால் துடைத்தார். பிறகு கயிறு கட்டப் போனார். காற்றில் குத்துவிளக்கு நிற்கவே இல்லை. ஆறு பேர் பேனரைப் பிரித்து மறைத்துப் பிடித்தும் அணைந்துகொண்டே இருந்தது. இப்படி மானம் போகிறதே என்று தாளாளருக்கு முகம் வியர்த்தது. அப்போதுதான் அதைச் செய்தார். என் தட்டில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தில் இரண்டு விரலை நனைத்து, ராக்கெட்டின் திரியை மேலிருந்து கீழ்வரை உருவிவிட்டார். எந்த விழாவிலும் விருந்தினர் வருமுன் விளக்கின் திரியை எண்ணெயில் ஊறவைத்து, நுனியைத் திருத்தி வைப்பார்களே, முதல் தடவையிலேயே பற்ற வேண்டும் என்று, அதேபோல. "இப்ப எந்தக் காத்துக்கும் அணையாது பாரு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். விரலை என் தட்டின் விளிம்பில் துடைத்தார். நான் அக்காவிடம் ஓடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். இருபது அடி தூரம்கூட இல்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சிறப்பு விருந்தினர் வந்தார். விளக்கேற்றச் செருப்பைக் கழற்றினார். ராக்கெட்டுக்கும் செருப்பில்லாமலே போனார். சுடுமணலில் ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றி நின்றுகொண்டு, படம் எடுப்பவர் "சார், இன்னொரு தடவ" என்று சொல்லச் சொல்ல மெழுகுவர்த்தியை நீட்டினார். திரி பற்றியது. எல்லாரும் கைதட்டிக்கொண்டே பின்னால் வந்தார்கள். சீறல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அலையும் காற்றும் மட்டும்தான்.

அக்கா கையை உயர்த்தி, "யாரும் நவராதீங்க" என்று கத்தினார். தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "எஸ்தர், போய்ப் பாரு. சாருக்குச் செங்கல்பட்டுல அடுத்த ப்ரோக்ராம் இருக்கு."

"அரை மணி நேரம் சார்."

"அரை மணி நேரமா? விளையாடுறியா?" அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, புகை வருதா?"

"இல்ல சார்" என்றேன்.

தெரியல என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாதம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தவள் நான். அன்றைக்கு அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. கேட்டவர் தாளாளர். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

"கொழந்தையே சொல்லுது பாரு" என்றார் அவர். அக்கா நகரவில்லை. அப்போது தாளாளர் குரலைத் தாழ்த்தினார். விருந்தினருக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. எனக்குக் கேட்டது. "உன்னால முடியலன்னா சொல்லு. இந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்திய அனுப்புறேன். புதுத் திரி மாத்த அதுங்களுக்கும்தான் தெரியுமே."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தண்ணீர் வாளியை எடுத்தார். நேராகப் போகவில்லை, பக்கவாட்டில் சுற்றிப் போனார். பாதி தூரத்தில் திரும்பி, "குந்துங்கடி எல்லாரும்! கீய குந்துங்க!" என்று கையை அழுத்தி அழுத்திக் காட்டினார். நான் தட்டோடு உட்கார்ந்தேன். அக்கா இன்னும் நான்கு எட்டு வைத்தார். வாளியைச் சாய்க்கக் கையை நீட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். ராக்கெட் மேலே போகவில்லை என்பது மட்டும் போதும்.

எண்ணெய் பட்டதால்தான் திரி அப்படி மறைந்து எரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா சுவரில் எழுதிய பத்தில் ஒன்றுகூட எண்ணெய் தொட்ட திரி இல்லை.

இன்னொன்றையும் எழுதுகிறேன், இதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அக்கா விழுந்ததும் நாம் ஓடினோம். மீனவர் இரண்டு பேர் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "சாரோட செருப்பு எங்கப்பா? சாருக்குக் காலு சுடுது, செருப்பத் தேடுங்க." நான்கு பேர் தேடினார்கள். அக்காவைத் தூக்க இரண்டு மீனவர்களும் என் அப்பாவும் இருந்தார்கள். செருப்புத் தேட நான்கு பேர் இருந்தார்கள். அப்பா வேனை எடுத்தார். தாளாளருடைய கார் அதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டது, விருந்தினரோடு.

அடக்கத்துக்குக் கருங்குழிக்குப் பக்கத்தில் உள்ள அக்காவின் ஊருக்குப் பள்ளியிலிருந்து அழைத்துப் போனது என்னையும் பிசிக்ஸ் சாரையும் மட்டும்தான். வீட்டுக்கு முன்னால் பந்தல். தாளாளர் காலையிலேயே வந்து மாலை வைத்துவிட்டுப் போயிருந்தார். அக்காவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா, நீ அங்கதான் இருந்தியாமே. எம் பொண்ணு யாரு சொல்லியும் கேக்காம போச்சாமே? பெரியவரு வந்து சொல்லிட்டுப் போனாரு. நெசமா?"

பிசிக்ஸ் சார் என் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததையே பதிலாக எடுத்துக்கொண்டு அந்த அம்மா பெட்டியின் பக்கம் திரும்பினார். "சின்னதுலேந்தே இப்டித்தான். சொல்பேச்சே கேக்காது. திமிரு புடிச்சவளே, எல்லாரும் வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல ஏண்டி போன?" என்று பெட்டியின் மேல் அடித்து அடித்துத் திட்டினார். தன் மகளை அந்த அம்மா கடைசியாகப் பார்த்தது திட்டிக்கொண்டே. அதை அவருக்குக் கொடுத்தது தாளாளர் பாதி, நான் பாதி. வரும் வழியில் பிசிக்ஸ் சார், "பாவம், அதிர்ச்சியில பேசுறாங்க" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் உங்கள் ஏழு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அக்கா தானாகவே போனார், நாங்கள் பார்த்தோம் என்று. எனக்குக் காய்ச்சல், அதனால் தப்பித்தேன். உங்களை நான் குறை சொல்லவில்லை. உங்களுக்குத் தாளாளர் தாழ்த்திய குரல் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அப்பாவிடம் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "வேற யார்கிட்டயும் சொல்லிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சொல்லாத" என்றார். என்னை அப்படி அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அப்பா மேல் எனக்கு அருவருப்பு வரக் கூடாது. வந்தது. உடனே என் மேலும் வந்தது.

இன்று மாலை கூட்டத்துக்கு ஒத்திகை நடந்தது. அக்காவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பேனர் அடித்திருக்கிறார்கள். முகத்தை வெளுப்பாக்கியிருக்கிறார்கள். பேனரின் பாதியில் தாளாளர் கைகூப்பி நிற்கிறார், அக்காவைவிடப் பெரிதாக. நான் தாளை வாசித்துக் காட்டியபோது அந்த வரி வந்ததும் நின்றுவிட்டேன். "என்னம்மா, அழுகையா? நல்லது. நாளைக்கும் அந்த எடத்துல அப்டியே ஒரு செகண்ட் நிறுத்து, நல்லா இருக்கும்" என்றார் தொகுத்து வழங்கும் மிஸ். நான் அழவில்லை. தாளை மடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன்.

அக்காவைப் பற்றிக் கடைசியாக ஒன்று. நீங்கள் யாரும் அப்போது இல்லை, அதனால் உங்களுக்குத் தெரியாது. போன வருடம் லேபின் புது மீட்டர் எரிந்துபோனது. மதியம் இடி இடித்து மழை பெய்த நாள். "மின்னல்ல போச்சுன்னு எழுதிடு, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் பிசிக்ஸ் சார். அக்கா மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆபீஸ் ரூமுக்குப் போனார். வருகைப் பதிவேட்டை வைக்க நானும் பின்னாலேயே போனேன். "சார், மீட்டரு எரிஞ்சிபோச்சு. மின்னல் இல்ல. நான்தான் தப்பா செட் பண்ணி மாட்டிட்டேன்" என்றார். தாளாளர் என் முன்னாலேயே கத்தினார். அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும், "ஏங்க்கா சொன்னீங்க? சார்தான் வழி சொன்னாரே" என்றேன்.

"மின்னலுன்னு எழுதினா நாளைக்கு இன்னொருத்தி அதே மாதிரிதானே மாட்டுவா? எங்க தப்பாச்சுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த தபா ஒயுங்கா வரும். திட்டினா இன்னா, காதுதானே வலிக்கும்" என்று சொல்லிவிட்டு, காதைக் குடைந்துகொண்டே லேபைத் திறக்கப் போனார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொள்வது அதைத்தான். அந்த நடை. மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, கத்தப் போகிறவர் இருக்கும் அறைக்குத் தானே நடந்து போன அந்த நடை. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. இதை எழுதும்போதே எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, மன்னித்துவிடுங்கள். ஆனாலும் நாளைக்கு அக்காவின் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்துக்கொண்டு அந்த வரியை வாசித்தால், அதற்குப் பிறகு நான் என்ன படித்து என்ன ஆகப்போகிறேன்? அதனால் சிவப்பு மைத் தாளை வாசிக்கப் போவதில்லை. மூன்றே வாக்கியம் சொல்லப் போகிறேன். மைக்கைப் பிடுங்குவதற்குள் சொல்லிவிடலாம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, ராக்கெட்டின் திரியில் எண்ணெய் தடவியதைப் பார்த்தும் அக்காவிடம் சொல்லாமல் நின்றது நான். இரண்டு, புகை இல்லை என்று சொன்னது நான். மூன்று, நீ போகாவிட்டால் இந்தப் பெண்களில் ஒருத்தியை அனுப்புவேன் என்று எஸ்தர் ராணி அக்காவிடம் சொன்னது

வாசல் கதவைத் தட்டுகிறார்கள். அப்பா எழுந்துவிட்டார்.